விசராக இருக்கும் உரிமை

எமது புகலிடச் சஞ்சிகைகளில் எத்தனையோ இசங்கள் வந்து போய்விட்டன. ஒரு வகை எழுத்து மட்டும் வற்றாமல் வந்துகொண்டிருக்கிறது. அது ஊர் விசரர்களைப் பற்றிய எழுத்து. சைக்கிளில் ஏறாமல் அதை உருட்டிக்கொண்டே திரிந்த சட்டம்பியார், தனது செத்தவீட்டுக்குத் தானே நோட்டீஸ் அடித்து வைத்திருந்த விதானையார், கோயில் கேணியோடு கோபித்துக்கொண்டு மூன்று வருடம் குளிக்காமல் இருந்த பரியாரியார் என்று எத்தனையோ பேரை வாசித்துவிட்டோம். சிரித்துமிருக்கிறோம். இவற்றை "வெறும் ஊர் நினைவு, தப்பித்தல்" என்று ஒரு சாரார் ஒதுக்கிவிடுகிறார்கள். இன்னொரு சாரார் "மனிதநேயம்" என்ற சொல்லைக் கொண்டுவந்து அதன்மேல் பூசிவிட்டுப் போகிறார்கள். இரண்டுமே வாசிப்பு அல்ல என்பது எமது அபிப்பிராயம்.

இந்த வகை எழுத்தை எம்மைவிடத் திறமாகச் செய்தவர்கள் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இருந்தார்கள். அடிமை முறைக்காக யுத்தம் செய்து 1865இல் தோற்ற பிரதேசம் அது. தோற்ற பிறகும் ஒரு நூறு வருடம் தனது பழைய ஒழுங்கை வேறு சட்டங்களால் காப்பாற்றிக்கொண்டது. அங்கேயுள்ள சிற்றூர்களைப் பற்றி எழுதப்பட்ட பகிடிக் கதைகளைத்தான் இந்தக் குளிர்காலம் முழுவதும் வாசித்தோம். திங்கட்கிழமைகளில் நாம் வேலைசெய்யும் றெஸ்ரோரண்ட் பூட்டு. நூலகம் திறந்திருக்கும். வேறு காரணம் ஏதும் இல்லை. முக்கியமாக மிசிசிப்பியைச் சேர்ந்த யூடோரா வெல்ரியையும் (1909–2001), ஜோர்ஜியாவைச் சேர்ந்த பிளானரி ஓ'கொனரையும் (1925–1964) இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

வெல்ரியின் 'நான் ஏன் தபாற்கந்தோரில் வசிக்கிறேன்' என்ற சிறுகதை 1941இல் வெளிவந்தது. (கணினியில் கடிதம் அனுப்பும் முறை வந்த ஆரம்ப காலத்தில் 'யூடோரா' என்று ஒரு மென்பொருள் இருந்தது. அதைச் செய்தவர் இந்தக் கதையை நினைத்துத்தான் அந்தப் பெயரை வைத்தார்.) சைனா குறோவ் என்ற சிறிய ஊர். கதைசொல்லி அங்கே தபாற்கந்தோர் நடத்தும் மூத்த மகள். அவளுக்குக் கதையில் பெயரே இல்லை, 'சிஸ்ரர்' மட்டுந்தான். புருஷனை விட்டுவிட்டு ஒரு குழந்தையோடு தங்கை ஸ்ரெல்லா-ரொண்டோ வந்து இறங்குகிறாள். குழந்தை தத்தெடுத்தது என்கிறாள். அது பொய் என்று சிஸ்ரர் சொல்கிறாள். அவ்வளவுதான் சண்டை. ஆனால் ஒரே நாளுக்குள் தங்கை வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் சிஸ்ரருக்கு எதிராகத் திருப்பிவிடுகிறாள். தாத்தாவிடம் போய் "உங்களுடைய தாடியை வெட்டச் சொல்கிறாள்" என்று மூட்டிவிடுகிறாள். மாமன் ரொண்டோ ஒவ்வொரு ஜூலை நாலாம் திகதியும் ஒரு போத்தல் மருந்தைக் குடித்துவிட்டு வெறியில் கிடப்பவர். இம்முறை தங்கையின் கிமோனோவையும் உடுத்திக்கொண்டு திரிகிறார். அவரையும் மூட்டிவிட, அவர் விடியற்காலையில் சிஸ்ரரின் அறைக்குள் சீனவெடிக் கட்டைக் கொளுத்திப் போடுகிறார்.

சிஸ்ரர் வீட்டை விட்டுப் புறப்படுகிறாள். எங்கே? அதே ஊரிலுள்ள தபாற்கந்தோருக்கு. புறப்படும்போது தனக்குரியதையெல்லாம் கழற்றிக்கொண்டு போகிறாள். மின்விசிறி, வானொலி, வெப்பமானி, தையல் மெசினின் மோட்டார், தாத்தாவின் முதுகுக்குப் பின்னால் இருந்த தலையணை கூட. ஒரு உப்புச் சப்பில்லாத குடும்பச் சண்டையை ஒரு சாம்ராச்சியம் பிரிந்தது போலச் சொல்லும் அந்தக் குரல்தான் கதையின் பகிடி. ஒவ்வொரு வசனமும் தன்னுடைய நியாயத்தை நிரூபிப்பதற்காகவே சொல்லப்படுகிறது. நிரூபிக்க நிரூபிக்க அவளும் மற்றவர்களைப் போலவே ஒரு விசரிதான் என்பது எமக்கு விளங்கிவிடுகிறது. பிறகு ஊரே இரண்டு பட்சமாகிறது. தாத்தாவின் பட்சத்தில் நிற்பவர்கள் கடிதமே வேண்டாம் என்று இருந்துவிடுகிறார்கள்.

நடந்து போகும் தூரத்துக்கு ஒரு புலப்பெயர்வு. தலையணையைக் கூட விடாமல் எடுத்துக்கொண்டு போன புலப்பெயர்வு. ஒரு தோள்பையோடு வந்து இறங்கியவர்கள் இதை வாசிக்கும்போது சிரிப்பு வேறு ஒரு இடத்திலிருந்து வருகிறது.

அந்தச் சாமான்களைக் காவியது யார்? தெருவால் ஒரு சிறு தள்ளுவண்டியோடு போய்க்கொண்டிருந்த ஒரு கறுப்பினச் சிறுமியைச் சிஸ்ரர் பிடித்துக்கொள்கிறாள். ஒன்பது தடவை அவள் போய் வருகிறாள். மாமன் ரொண்டோ விறாந்தைக்கு வந்து ஒரு ஐந்து சத நாணயத்தை அவளை நோக்கி எறிகிறார். அவளைக் குறிக்கச் சிஸ்ரர் பயன்படுத்துவது இன்று அச்சில் போடத் தயங்கும் சொல். பெயர் இல்லை. சிஸ்ரருக்கும் பெயர் இல்லைத்தானே என்று யாரும் கேட்கலாம். சிஸ்ரருக்குப் பெயர் தேவையில்லாததற்குக் காரணம் ஊரே அவளுக்கு உறவு என்பது. சிறுமிக்குப் பெயர் இல்லாததற்குக் காரணம் அவள் ஊர்க் கணக்கிலேயே இல்லை என்பது. ஊரே விசராகக் குதித்துக்கொண்டிருக்கும் அந்த நாளில் விசர் இல்லாமல், ஒழுங்காக, ஒன்பது தடவை நடந்து தன் வேலையைச் செய்த ஒரே ஆள் அவள்தான்.

இதை வெல்ரி தெரியாமல் எழுதினார் என்று நாம் கருதவில்லை. 1930களின் நடுப்பகுதியில், பொருளாதார மந்த காலத்து அரசாங்க நிவாரணத் திட்டமொன்றின் விளம்பர உத்தியோகத்தராக மிசிசிப்பி முழுவதும் அலைந்தவர் அவர். அப்போது அவர் எடுத்த புகைப்படங்கள் 1971இல் ஒரு நூலாக வந்தன. அவற்றில் பெரும்பாலானவர்கள் கறுப்பின மக்கள். ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு, சிரித்துக்கொண்டு, முறைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் தனித்தனி ஆளாக நிற்கிறார்கள். கமராவுக்குத் தெரிந்தவர்களைச் சிஸ்ரருக்குத் தெரியவில்லை. அதைச் சிஸ்ரரின் வாயாலேயே சொல்லவைப்பதுதான் வெல்ரியின் வேலை.

இதே வேலையைப் பெரிதாகச் செய்த நாவல் 'பொண்டரின் இதயம்' (1954). நாடகமாக்கப்பட்டு 1956இல் நியூயோர்க் பிரோட்வே அரங்குக்கும் போனது. கிளே என்ற ஊரில் பியூலா ஹொட்டேலை நடத்தும் எட்னா ஏர்ல், தங்க வந்த ஒருவருக்குத் தனது அங்கிள் டானியலின் கதையைச் சொல்கிறாள். அங்கிள் டானியலின் விசர் கொடுக்கிற விசர். கண்டவர்களுக்கெல்லாம் எதையாவது கொடுத்துவிடுவார். பன்றித் தொடை இறைச்சி, கன்றுக்குட்டி, வாகனம், தனக்கென்று ஒதுக்கிய சவக்காலைத் துண்டு வரை கொடுத்தாயிற்று. எட்னா ஏர்ல் நடத்தும் ஹொட்டேலும் அவர் கொடுத்ததுதான். கொடுப்பதை நிறுத்தத் தகப்பன் அவரை விசராஸ்பத்திரிக்கு அனுப்புகிறார், நிற்கவில்லை. கல்யாணம் கட்டிவைத்தால் நிற்கும் என்று ஒரு விதவையைக் கட்டிவைக்கிறார்கள். இரண்டு மாதம். பிறகு அவராகவே, மலிவுக் கடையில் நின்ற பொனி டீ பீகொக் என்ற பதினேழு வயதுப் பெட்டையைக் கட்டுகிறார். அவள் கட்டியது 'பரீட்சார்த்தமாக'.

பொனி டீ ஏழை வெள்ளைக் குடும்பத்தவள். அவளைப் பற்றியும் அவளுடைய சனத்தைப் பற்றியும் எட்னா ஏர்ல் சொல்லும் இடங்கள் நாவலிலேயே மிகுந்த பகிடியானவை, மிகுந்த குரூரமானவையும் கூட. அவள் சலவை மெசின் வாங்கி அதை முன் விறாந்தையில் தெருவுக்குத் தெரிய வைத்ததைச் சொல்லும்போது எட்னா ஏர்லின் குரலில் இருப்பது எமக்கு நன்கு பழக்கமான குரல். கொழும்பில் இருந்து வந்த காசில் குளிர்சாதனப் பெட்டி வாங்கி அதை முன் விறாந்தையில் வைத்த வீட்டைப் பற்றி எமது அம்மாமார் வேலிக்கு மேலால் கதைத்த குரல்.

ஒரு இடி மழை நாளில் பொனி டீ செத்துப்போகிறாள். கொலை வழக்கு. நீதிமன்றத்தில் அங்கிள் டானியல் எழும்பி வங்கியில் இருந்து எடுத்துவந்த காசு முழுவதையும் சனத்துக்குப் பங்கிடத் தொடங்குகிறார். ஜூரி விடுதலை செய்கிறது. மின்னலுக்குப் பயந்து அழுதவளை அவர் கூச்சம் காட்டிச் சிரிக்கவைத்தார். அவள் சிரித்தபடியே போய்விட்டாள். அதைக் கண்ணால் கண்ட எட்னா ஏர்ல் நீதிமன்றத்தில் சொல்லவில்லை. ஹொட்டேலில் தங்க வந்த அந்நியருக்கு, அதாவது எமக்கு மட்டும் சொல்கிறாள்.

எம்மை அதிகம் யோசிக்க வைத்தது இந்த இடந்தான். ஊருக்குச் சொல்ல முடியாத உண்மையை ஊரான் அல்லாதவனுக்குச் சொல்லலாம். அவன் நாளைக்குப் போய்விடுவான், அவனுடைய அபிப்பிராயத்துக்கு அங்கே பெறுமதி இல்லை. பெரிய பகிடிக் கதைகளெல்லாம் இப்படி வெளியாளின் காதுக்குள்தான் சொல்லப்படுகின்றன. ஆனால் அந்த வெளியாள் முழு நாவலிலும் ஒரு சொல்லும் பேசுவதில்லை.

அங்கிள் டானியலின் விசர் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று கேட்டுப் பார்ப்போம். அவரிடம் நிலம் இருக்கிறது. பொண்டர் என்ற பெயர் இருக்கிறது. தகப்பனை அறியாத ஆள் அந்த மாவட்டத்தில் இல்லை. சமையற்காரி நார்சிஸ் இருக்கிறாள், கறுப்பினப் பெண். அங்கிள் டானியல் எங்கே போக நினைத்தாலும் காரை ஓட்டிக்கொண்டு போகிறவள் அவளே. நார்சிஸ் ஒரு நாள் நீதிமன்றத்தில் எழும்பிக் கையிலிருப்பதையெல்லாம் வாரி இறைத்திருந்தால் அதற்கு யார் சிரித்திருப்பார்கள்? எங்கிருந்து எடுத்தாய் என்றல்லவா கேட்டிருப்பார்கள். 1937இல் ஜோன் டொலார்ட் என்ற ஆய்வாளர் இதே மிசிசிப்பியின் இந்தியனோலா என்ற சிற்றூரில் இருந்து திரட்டியதை வைத்து ஒரு நூல் எழுதினார். அதன் தலைப்பே 'தென்னக ஊரொன்றில் சாதியும் வர்க்கமும்' என்பதுதான். நிறம் என்று போடவில்லை, சாதி என்றே போட்டார். எமது வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் அவசியமில்லை. விசராக இருப்பது ஒரு குணம் அல்ல, அது ஒரு சொத்து. காணி போல, கோயிலில் முதல் மரியாதை போல, பரம்பரையாக வருவது.

இப்படிச் சொன்னால், "அப்படியானால் வெல்ரி பழைய ஒழுங்கை இனிப்புப் பூசி விற்ற வெள்ளைக்காரச் சீமாட்டி" என்று சிலர் முடிவுகட்டி விடுவார்கள். அவர்கள் இன்னொரு கதையையும் வாசிக்கவேண்டும். 1963 ஜூன் 12ஆம் திகதி, மிசிசிப்பியின் தலைநகரான ஜக்சனில், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத் தலைவர் மெட்கர் எவர்ஸ் தனது வீட்டு வாசலில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜக்சன் வெல்ரியின் சொந்த ஊர். செய்தி கேட்டவுடன் அவர் எழுதிய கதை 'அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது?'. அடுத்த மாதமே 'நியூயோர்க்கர்' சஞ்சிகையில் வந்தது. கதை கொலைகாரனின் வாயால் சொல்லப்படுகிறது. யார் கொலைகாரன் என்று பிடிபடுவதற்கு முன்னரே எழுதிவிட்டார். பிடிபட்ட ஆளுக்கும் கதைக்கும் பொருத்தம் அதிகமாக இருந்தபடியால் அச்சுக்குப் போகுமுன் சில விபரங்களை மாற்ற வேண்டியிருந்தது. (அந்த ஆளுக்குத் தண்டனை கிடைத்தது 1994இல். முப்பத்தொரு வருடம். 1964இல் இரண்டு ஜூரிகள் முடிவெடுக்க முடியாமல் கலைந்தன.)

இந்தக் கதையைச் சிஸ்ரரின் கதைக்கு அடுத்ததாக வைத்து வாசித்தோம். முதுகு சில்லிட்டது. அதே குரல். அதே மனத்தாங்கல், அதே "என்னை ஒருத்தரும் கணக்கெடுக்கவில்லை" என்ற புலம்பல், மைத்துனன், இரவல் வாகனம், வெக்கை, வாய்காட்டும் மனைவி. ரீவியில் ஒரு கறுப்பினத்தவனின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதே அவனுடைய முறைப்பாடு. சுட்டுவிட்டு வந்து கிற்றாரை எடுத்து வைத்துக்கொண்டு பாடுகிறான். தபாற்கந்தோரில் மின்விசிறியோடு குந்தியிருப்பவளும் இவனும் ஒரே ஊர், ஒரே பேச்சு. தான் இருபது வருடமாகப் பகிடிக்குப் பயன்படுத்திய மொழிக்குள் ஒரு துவக்கும் இருந்தது என்பதை அவரே எடுத்து மேசையில் வைத்தார். எமது எழுத்தாளர்களில் எத்தனை பேர் தமது ஊர்ப் பகிடியை இப்படித் திறந்து காட்டியிருக்கிறார்கள்?

இனி ஓ'கொனர். இவருடைய 'இடம்பெயர்ந்தவர்' (1954) எம்மைப் பற்றிய கதை. 1948இல் அமெரிக்கா ஐரோப்பிய அகதிகளை எடுக்கச் சட்டம் இயற்றியது. ஓ'கொனரின் தாய் நடத்திய பண்ணைக்கும் ஒரு போலந்து அகதிக் குடும்பம் வந்து சேர்ந்தது. கதையிலும் அப்படியே. திருமதி மக்கின்ரயரின் பண்ணைக்குப் பாதிரியார் ஒருவர் திரு. கீசாக்கையும் குடும்பத்தையும் கொண்டுவந்து சேர்க்கிறார். பண்ணையில் ஏற்கெனவே வேலைசெய்யும் ஏழை வெள்ளைப் பெண் திருமதி ஷோட்லிக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. அவள் தன் வசதிக்கு ஒரு நக்கல் பெயரை உண்டாக்கிவிடுகிறாள். நாம் வேலைசெய்யும் குசினியில் எமது நீளப் பெயர்களையெல்லாம் செஃப் 'சிவா' ஆக்கினார். மூன்று பேர் சிவா ஆனபடியால் சிவா ஒன்று, இரண்டு, மூன்று என்று போகிறது. மூன்றாம் சிவாவின் பெயரில் சிவனே இல்லை.

கீசாக் உழவு மெசின் ஓட்டுவார், திருத்துவார், களவெடுக்கமாட்டார், ஓயமாட்டார். திருமதி மக்கின்ரயருக்குப் பெரிய சந்தோசம். கறுப்பினத் தொழிலாளி, வயதான அஸ்ரர், தன்னுடைய இடம் எவ்வளவு கீழே என்றால் அதற்குப் போட்டிக்கு ஒருவரும் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் இருக்கிறார். பிறகுதான் கீசாக் 'பிழை' செய்கிறார். அகதி முகாமில் மூன்று வருடமாகக் கிடக்கும் தனது மச்சாளை எப்படியாவது எடுப்பிக்க, அவளை இளம் கறுப்பினத் தொழிலாளி சல்க்குக்குக் கட்டிக்கொடுக்க ஒழுங்கு செய்கிறார். சல்க் தவணை முறையில் காசும் கட்டிக்கொண்டிருக்கிறான். முகாமில் இருந்து ஒரு ஆளை எடுப்பிக்க என்னவெல்லாம் செய்யலாம் என்பது எமக்குத் தெரியும். எடுப்பித்தவர்களும் எடுப்பிக்கப்பட்டவர்களும் இந்தச் சஞ்சிகையை வாசிக்கிறார்கள். திருமதி மக்கின்ரயருக்கு மட்டும் அது உலகம் தலைகீழானது போல இருக்கிறது. கடைசியில் தடையிட்ட இடத்திலிருந்து ஒரு பெரிய உழவு மெசின் மெதுவாக உருண்டு வருகிறது. அதன் பாதையில் கீசாக் மற்றொரு மெசினின் கீழே படுத்துத் திருத்திக்கொண்டிருக்கிறார். மூன்று பேர் பார்க்கிறார்கள். மூன்று பேரும் சத்தம் போடவில்லை.

இக்கதையைப் புகழ்ந்து எழுதியவர்கள் கீசாக்கை யேசுவாகக் காண்கிறார்கள். மயிலும் பாதிரியாரும் அப்படித்தான் காணச் சொல்கிறார்கள். எமக்கு இங்கே ஒரு முறைப்பாடு உண்டு. திருமதி ஷோட்லி தனக்குத் தீர்க்கதரிசனம் வருகிறது என்று நம்புகிறாள், செத்துப்போன நீதவானைக் கட்டிய காலத்தைத் திருமதி மக்கின்ரயர் மனதுக்குள் பூசித்து வைத்திருக்கிறாள், பாதிரியார் மயிலைக் கண்டால் வாய் பிளக்கிறார். ஊரார் எல்லாருக்கும் ஒவ்வொரு விசர். கீசாக்குக்கு மட்டும் ஒன்றும் இல்லை. அவர் வேலை செய்கிறார், சாகிறார். எழுத்தாளரே அவருக்குச் சிலுவையைக் கொடுத்தார், ஒரு விசரைக் கொடுக்கவில்லை. அகதி ஒன்றில் ஆபத்து, அல்லது புனிதர். கேலிக்குரியவனாக இருக்க அவனுக்கு இடம் இல்லை.

எமது அறையில் ஒரு அண்ணை இருக்கிறார். ஒவ்வொரு சனிக்கிழமையும் லொத்தர் ரிக்கற் வாங்கியதும் கொப்பியை எடுத்து, விழுந்தால் யாருக்கு எவ்வளவு என்று எழுதுவார். தங்கச்சிமாருக்கு இவ்வளவு, ஊர் வாசிகசாலைக்கு இவ்வளவு, முன்பு அடித்த வாத்தியாருக்கும் மனமிரங்கி ஒரு தொகை. சோற்றுப் பானையைக் கழுவாமல் விட்டவருக்கு அந்தக் கிழமை பத்தாயிரம் டொலர் வெட்டு. அவரோடு கோபித்துக்கொண்டு சமரசம் பேசி, வெட்டிய தொகையைத் திரும்பப் போடுவித்தவர்களும் உண்டு. கையில் ஒரு சதமும் இல்லாத அங்கிள் டானியல். அவர் கோப்பை கழுவும் இடத்தில் அவரைப் பற்றி ஒரேயொரு விபரந்தான் தெரியும். "நல்ல வேலைகாரன்."

ஆகவே ஊர் விசரர்களைப் பற்றி எழுதுவதை நிறுத்தச் சொல்லி நாம் கேட்கவில்லை. மாறாக, பட்டியல் சின்னதாக இருக்கிறது என்கிறோம். எமது சட்டம்பியாரும் விதானையாரும் பரியாரியாரும் காணியும் பெயரும் உள்ள வீட்டுக்காரர்கள். மாவிட்டபுரம் கோயில் வாசலில் 1968இல் நின்று அடிவாங்கியவர்கள் மத்தியில் கேணியோடு கோபித்தவர் ஒருவரும் இல்லையா? அவர்களைக் கேணிக்குக் கிட்டவே விடவில்லை என்பதுதான் பதில். கே. டானியல் 'பஞ்சமர்' (1972) நாவலில் அவர்களைப் போராளிகளாகக் காட்டினார். அது அன்றைக்கு அவசியமானது. அந்த மனிதர்களின் விசர்களை எழுதுவது இன்னும் பாக்கி.

'பொண்டரின் இதய'த்திலிருந்து சில பக்கங்களை இச்சஞ்சிகைக்காக யாழ்ப்பாணப் பேச்சில் மொழிபெயர்க்க முயன்று கொண்டிருக்கிறோம். எட்னா ஏர்லின் வாய் எமது பேச்சுக்குள் ஆச்சரியப்படும் விதமாகப் பொருந்துகிறது. சிக்கல் நார்சிஸிடம் வந்தது. ஆங்கிலத்தில் எல்லாரும் எல்லாருக்கும் ஒரே 'யூ'. தமிழில் அது முடியாது. எட்னா ஏர்ல் அவளை "நீ" என்றும் "எடி" என்றும் சொல்வதில் ஒரு பிரச்சினையும் இல்லை, பேனை தானாகவே போகிறது. நார்சிஸ் பதிலுக்கு என்ன சொல்வாள்? "நாச்சியார்" என்று எழுதினோம். எழுதியதும் அந்தப் பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. கணினியில் தட்டெழுதித் தரும் நண்பர் அதை "அம்மா" என்று மாற்றினால் பக்கம் ஓடும் என்கிறார். நாம் இன்னும் மாற்றவில்லை.